நீலப் பெட்டிக்குள் ஓர் அப்பா

பள்ளி வேலைகள் கழுத்துவரை நிறைந்திருந்ததால் சில வாரங்களாக எதுவும் எழுத இயலவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும் என்று அமர்ந்திருக்கிறேன். நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியும், அந்தத் தவற்றால் மீண்டும் நினைவுக்கு வந்த ஓர் ஓவியரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்சிக் கலைப் பாடத்தில் ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் படம் வரையச் சொல்லியிருந்தேன். இருபத்தாறு படங்களைத் திருத்திக்கொண்டு வந்தபோது ஒரு மாணவியின் படத்தில் என் பேனா நின்றது. அம்மா, பாட்டி, தம்பி, ஒரு பூனை என எல்லாரும் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். அப்பா மட்டும் ஓரத்தில், நீல வண்ணம் தீட்டிய ஒரு சிறு பெட்டிக்குள், கழுத்துவரை மட்டும் இருக்கிறார். அவசரத்தில் இருந்த நான் சிவப்பு மையில், “அப்பா ஏன் பெட்டிக்குள் இருக்கிறார்? முழு உருவம் வரைக. படம் முழுமை பெறவில்லை” என்று எழுதி, மதிப்பெண்ணையும் குறைத்துவிட்டேன்.

மறுநாள் அந்தப் பிள்ளை அருகில் வந்து, “எங்க அப்பா அப்படித்தான் டீச்சர் இருப்பாரு” என்று சொல்லிவிட்டுப் போய் அமர்ந்துகொண்டாள்.

பெற்றோர் சந்திப்பு நாளன்றுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தாய் எல்லாரும் போகும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். கணவர் சிறு வியாபாரத்துக்காக ஆலோங்கிடம் கடன் வாங்கியிருக்கிறார். வட்டி குட்டி போட்டது. ஒருநாள் விடியற்காலையில் வீட்டுக் கதவெல்லாம் சிவப்புச் சாயம். அதற்கு அடுத்த வாரம் கணவர் காணாமற்போனார். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இவர் வேறு ஊருக்கு வந்து, நம் பள்ளியில் சேர்த்திருக்கிறார். கணவரின் முகமாக அவர்களிடம் எஞ்சியிருப்பது நீலப் பின்னணியில் எடுத்த ஓர் அடையாள அட்டைப் படம் மட்டுமே! (அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணாதவாறு சில விவரங்களை மாற்றியே எழுதியிருக்கிறேன். தாயின் அனுமதியும் பெற்றிருக்கிறேன்.)

சிவப்புச் சாயத்துக்கு அஞ்சி ஊர் மாறி வந்த பிள்ளையின் படத்தில்தான் நான் சிவப்பு மையால் எழுதியிருந்தேன்.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. அப்போது நினைவுக்கு வந்தது, சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விடுமுறையில் சக ஆசிரியைகளோடு மக்காவ் சென்றிருந்தபோது பார்த்த ஒரு கல்லறை. புனித பவுல் ஆலயத்தின் முகப்பை எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் கொஞ்ச தூரம் நடந்து பழைய புரோட்டஸ்டண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். மரநிழல், அமைதி, பாசி படிந்த கற்கள். அங்கே உறங்குபவர்களுள் ஒருவர்தான் ஜார்ஜ் சின்னரி. ஆங்கிலேய உருவப்பட ஓவியர். இந்தியாவில் 23 ஆண்டுகள், சீனக் கடற்கரையில் ஏறத்தாழ 27 ஆண்டுகள் வாழ்ந்தவர். இந்தியாவில் அவர் முதலில் கால்வைத்த ஊர் எது தெரியுமா? நம் மூதாதையர் பலர் பிற்காலத்தில் கப்பலேறிய சென்னப்பட்டினம்! அதனால்தான் ஊர் திரும்பியதும் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

சின்னரி 1774ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய தாத்தாவும் தந்தையும் எழுத்துப் பயிற்சி ஆசிரியர்கள். அதாவது, அழகாக எழுதும் கலையைக் கற்பித்தவர்கள். கையெழுத்துப் பயிற்சி ஏட்டோடு நாளும் மல்லுக்கட்டும் நமக்கு இந்தச் செய்தி இனிக்கத்தானே செய்யும்? 1792இல் அவர் இலண்டன் ராயல் அகாடமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற டர்னரும் அக்காலத்தில் அங்கே பயின்றவர்தாம். 1796இல் அயர்லாந்தின் டப்ளின் நகருக்குச் சென்ற சின்னரி, தாம் தங்கியிருந்த வீட்டு உரிமையாளரின் மகள் மரியானை 1799இல் மணந்தார். 1800இல் மெட்டில்டா என்ற மகளும் 1801இல் ஜான் என்ற மகனும் பிறந்தார்கள்.

பிறகு, மனைவியையும் கைக்குழந்தைகள் இருவரையும் விட்டுவிட்டு அவர் மட்டும் கப்பலேறினார். 1802 டிசம்பரில் சென்னை வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 28. அங்கே அவருடைய உடன்பிறப்பான ஜான் ஏற்கெனவே இருந்தார்.

அந்நாளில் சென்னையில் துறைமுகம் கட்டப்படவில்லை. கப்பல் தொலைவிலேயே நங்கூரமிடும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஏறி, அலைகளின் மேல் எகிறிக் குதித்துத்தான் கரை சேர வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலைமோதலில் விரிசல் கண்டுவிடும். கயிற்றால் தைத்ததோ வளைந்துகொடுக்கும். நம் ஊர்ப் படகோட்டிகளின் இந்த அறிவை நம்பித்தான் வெள்ளைக்காரத் துரைமாரும் சீமாட்டிமாரும் கரையேறினார்கள். சின்னரியும் அப்படித்தான் வந்திருப்பார்.

ஓர் ஓவியர் பிழைப்புத் தேடி இத்தனை தூரம் வருவானேன் என்று மாணவர்கள் கேட்பார்கள். புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல்தான். அதற்கு முன், தொலைவில் இருப்பவரின் முகத்தை வைத்துக்கொள்ள ஒரே வழி, ஓவியரின் முன் அமர்வதுதான். இந்தியாவில் வேலை பார்த்த கம்பெனி அதிகாரிகளின் குடும்பம் இங்கிலாந்தில் இருந்தது. கப்பல் போய்ச்சேரவே பல மாதங்கள். நோய் எப்போது யாரைக் கொண்டுபோகும் என்று சொல்ல இயலாது. ஆகவே உள்ளங்கையில் அடங்கும் சிற்றோவியத்திலிருந்து சுவர் நிறைக்கும் எண்ணெய் வண்ண ஓவியம்வரை எல்லாவற்றுக்கும் தேவை இருந்தது. உண்மையில் உருவப்பட ஓவியர் விற்றது பிரிவுக்கு மருந்து! ஆனால் அந்த மருந்தை விற்க வந்தவரே தம் குடும்பத்தைப் பிரிந்துதான் வந்தார்.

இனி, நான் சொல்லவந்த ஓவியத்துக்கு வருகிறேன்.

ஐதராபாத்தில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் அக்கிலிஸ் கெர்க்பாட்ரிக், அந்நகரின் பெருங்குடியில் பிறந்த கைருன்னிசா என்ற இளம்பெண்ணை மணந்திருந்தார். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள்: சாஹிப் ஆலம், நூருன்னிசா. அக்கால வழக்கப்படி பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பத் தந்தை முடிவு செய்தார். 1805இல், கப்பலேறுவதற்காகச் சென்னை வந்த அவ்விருவரையும் சின்னரி வரைந்தார். ஐதராபாத் அரண்மனை உடையில் இருவரும் படிக்கட்டின் மேல் நிற்கிறார்கள். அண்ணன் நிமிர்ந்து நம்மைப் பார்க்கிறான். தங்கையின் முகத்திலோ துயரம் தேங்கி நிற்கிறது. அவனுக்கு வயது 4, அவளுக்கு 3.

அந்த ஆண்டிலேயே பிள்ளைகள் கப்பலேறினார்கள். அவர்கள் கடலில் இருக்கும்போதே, அக்டோபர் 15ஆம் நாள், கல்கத்தாவில் தந்தை இறந்துபோனார். இங்கிலாந்தில் அவர்களுக்கு ஞானஸ்நானம் செய்வித்து வில்லியம், கேத்தரின் என்று பெயர் மாற்றினார்கள். தாயைப் பிள்ளைகளும், பிள்ளைகளைத் தாயும் அதன்பின் காணவே இல்லை. பிள்ளைகள் போன பிறகு தாயிடம் சென்றது சின்னரி வரைந்த படம்தான். அவர் 1813இல் மறைந்தார்.

இதைப் படித்தபோது நான் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன். சின்னரியின் மகள் மெட்டில்டாவுக்கும் அந்த 1805இல் வயது 4. மகன் ஜானுக்கு 3. ஏறத்தாழ அதே வயது! தம்முன் நின்ற அந்த இரு குழந்தைகளின் கன்னத்தையும் கண்ணையும் பார்த்துப் பார்த்துத் தீட்டியவருக்குத் தம் பிள்ளைகளின் அப்போதைய முகம் தெரியாது. கைக்குழந்தைகளாக விட்டுவந்தவர் அல்லவா? தூரிகையைப் பிடித்திருந்த அந்த மணிநேரங்களில் அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்?

1807இல் கல்கத்தாவின் தலைமை நீதிபதி சர் ஹென்றி ரசலை வரைய அழைப்பு வந்தது. சின்னரி சென்னையை விட்டுப் புறப்பட்டார். பின்னர் டாக்காவில் சில ஆண்டுகள். அங்கே கம்பெனி அதிகாரியான சார்ல்ஸ் டாய்லிக்கு ஓவியம் கற்பித்தார். 1812 முதல் மீண்டும் கல்கத்தா. அப்போது வங்காளத்தின் முதன்மையான ஓவியர் அவரே. மகள் மெட்டில்டா 1817இல்தான் தந்தையிடம் வந்து சேர்ந்தாள். விட்டுவந்தபோது இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை; இப்போதோ 16 வயது நங்கை. அடுத்த ஆண்டு மனைவியும் வந்தார். ஆனால் இடைப்பட்ட காலத்தில் கல்கத்தாவில் வேறொரு பெண்ணிடம் சின்னரிக்கு இரண்டு மகன்கள் பிறந்திருந்தார்கள். 1822இல் மகன் ஜான் இறந்துபோனான். ஒன்றுசேர்ந்த குடும்பம் ஒன்றாக வாழவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கைநிறையச் சம்பாதித்தும் சின்னரியின் கையில் பணம் நிற்கவில்லை. கடன் ஏறத்தாழ 40,000 ரூபாய்வரை ஏறியதாகச் சொல்கிறார்கள். கடன்காரர்களுக்கு அஞ்சி, ஆற்றின் மறுகரையில் டேனிஷ்காரர்களின் ஆட்சியில் இருந்த செராம்பூருக்குச் சென்று தங்கினார். நம் தரங்கம்பாடியும் அக்காலத்தில் அதே டேனிஷ்காரர்களிடம்தான் இருந்தது. ஆங்கிலேயச் சட்டத்தின் கை அங்கே எட்டாது. அதுவும் போதாமல், 1825இல் உடல்நலத்தைக் காரணம் சொல்லிச் சீனாவுக்குக் கப்பலேறி, போர்ச்சுகீசியரின் மக்காவில் இறங்கினார். மனைவி கல்கத்தாவிலேயே இருந்தார். சின்னரி அதன்பின் இந்தியாவுக்கும் திரும்பவில்லை, இங்கிலாந்துக்கும் திரும்பவில்லை.

மக்காவில் அவரை அறியாதவர் இல்லை. தடித்த புருவம், மூக்குக்கண்ணாடி, துருத்திய உதடு. ஊரிலேயே அழகற்ற மனிதன் தாமே என்று சொல்லிச் சிரிக்க வைப்பாராம். மனைவி வரப்போகிறார் என்று செய்தி வந்தால் கேண்டன் நகருக்கு ஓடிவிடுவார் என்றும் ஒரு கதை உண்டு. அயல்நாட்டுப் பெண்கள் கேண்டனுக்குள் நுழையக்கூடாது என்பது அந்நாளையச் சீன அரசின் விதி! விருந்துகளில் எல்லாரும் இந்தக் கதைக்குச் சிரித்திருக்கிறார்கள். அந்தத் தாயின் தாழ்ந்த குரலைக் கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயினும் அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. வணிகர், மாலுமி, மருத்துவர், சமயப்பணியாளர் என்று பலரும் அவர்முன் அமர்ந்தார்கள். மக்காவில் கண் மருத்துவமனை நடத்திய டாக்டர் காலெட்ஜை நோயாளியோடும் அவருடைய சீன உதவியாளரோடும் சேர்த்தே வரைந்தார். பைபிளைச் சீனத்தில் மொழிபெயர்த்த இராபர்ட் மோரிசனையும் அவருடைய சீனத் துணைவர்களோடு வரைந்தார். இந்த மோரிசன் நம் மலேசியாவுக்கும் தொடர்புடையவர். 1818இல் மலாக்காவில் ஆங்கிலோ-சீனக் கல்லூரி உருவாகக் காரணமானவர். அவருடைய கல்லறையும் மக்காவின் அதே தோட்டத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கப் பெண்ணான ஹேரியட் லோ சின்னரியிடம் ஓவியம் பயின்றதோடு, 1833இல் அவர் கையால் தம் உருவப்படத்தையும் பெற்றார். கேண்டனில் லாம் குவா என்ற சீன ஓவியர் சின்னரியின் பாணியிலேயே, அவரைவிடக் குறைந்த விலைக்கு உருவப்படங்கள் தீட்டினார். அவர் தம்மிடம் பயின்றவர் என்பதைச் சின்னரி ஒப்புக்கொள்ளவே இல்லையாம். ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது!

எனக்கு மிகவும் பிடித்தவை அவருடைய பெரிய ஓவியங்கள் அல்ல. சிறு சிறு பென்சில் படங்கள். நாள்தோறும் அதிகாலையில் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். படகுப் பெண்கள், கொல்லர், நாவிதர், பன்றிகள், தெருவோரச் சூதாட்டக்காரர்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைவார். இப்படி ஆயிரக்கணக்கான படங்கள். அவற்றின் ஓரங்களில் கர்னி முறைச் சுருக்கெழுத்தில் சிறு குறிப்புகள்: தேதி, எதைத் திருத்த வேண்டும், எது சரியாக வந்திருக்கிறது என்பன போன்றவை. தம் வேலையைத் தாமே திருத்திக்கொண்ட மாணவர் அவர்! ஆனால் அந்தத் திருத்தத்தைப் பிறர் கண்ணில் படும் சிவப்பு மையில் அவர் எழுதவில்லை. சுருக்கெழுத்து அறிந்தவர் மட்டுமே படிக்க இயலும்.

1852 மே 30ஆம் நாள், 78ஆம் வயதில், மக்காவிலேயே சின்னரி இறந்தார். அருகில் மனைவி இல்லை, மகளும் இல்லை.

அந்த இரு பிள்ளைகளின் படம் என்ன ஆயிற்று? அண்ணன் 1828இல் இறந்துவிட்டான். தங்கை கேத்தரின் மணமாகி இங்கிலாந்தில் வாழ்ந்தாள். பிற்காலத்தில் ஒருநாள், தன் தந்தைக்கு ஐதராபாத்தில் உதவியாளராக இருந்த ஹென்றி ரசலின் மாளிகைக்குச் சென்றாள். (சின்னரி வரையச்சென்ற அதே தலைமை நீதிபதியின் மகன்தான் இவர்.) அங்கே சுவரில் அந்தப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. கண்டதும் அவள் அழுதுவிட்டாளாம். ரசல் அதை அவளுக்கே சேருமாறு உயில் எழுதிவைத்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு, ஐதராபாத்தில் உயிரோடு இருந்த பாட்டியோடு அவளுக்குக் கடிதத் தொடர்பும் ஏற்பட்டது.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லலாமா? பல நாள் தயங்கினேன். நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் வாழ்க்கை வரலாறுகளில் குறையுள்ள மனிதர்களே இருப்பதில்லை. எல்லாரும் தெருவிளக்கில் படித்தவர்கள். எல்லாரும் பெற்றோரைப் போற்றியவர்கள். கடன்பட்டு, குடும்பத்தை விட்டு ஓடிய ஒருவரைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? அதுவும், அந்தப் பிள்ளை மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கும்போது? ‘கடன் தொல்லை’ என்ற பகுதியை மட்டும் விட்டுவிடலாமா என்றுகூட எண்ணினேன். ஆனால் அதை விட்டால் மனிதரையே விட்டதாகும். முதலில் தாயிடம் கேட்டேன். “சொல்லுங்க டீச்சர். அவளுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல” என்றார்.

சொன்னேன். படத்தையும் திரையில் காட்டினேன். சென்னை அலைகளும் தைத்த படகும் பையன்களைக் கவர்ந்தன. கடன், செராம்பூர், மக்காவ் எல்லாவற்றையும் உள்ளபடியே சொன்னேன். “அவர் நல்லவரா, கெட்டவரா?” என்று ஒரு மாணவன் கேட்டான். “நன்றாக வரைந்தார், வீட்டாரை நன்றாகப் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டும் உண்மை” என்றேன். அந்த மாணவி கையை உயர்த்தினாள்.

“அவரு மத்தவங்க பிள்ளைங்கள அவ்வளவு அழகா வரைஞ்சாரே டீச்சர். அவரோட சொந்தப் பிள்ளைங்களுக்கு அவர் முகம் ஞாபகம் இருந்திருக்குமா?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. “இருந்திருக்காது. மிகவும் சின்னப் பிள்ளைகள். மகள் 15 ஆண்டு கழித்துக் கப்பலில் போய்த்தான் பார்த்தாள்” என்றேன். அவள் தலையசைத்துவிட்டு, “அப்ப நான் பரவால்ல. எனக்கு ஞாபகம் இருக்கு” என்றாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அருகில் இருந்த தோழி தன் வண்ணப் பென்சில் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிள்ளைகள் நம்மைவிடப் பெரியவர்கள்.

பாடம் முடிந்ததும் அவளுடைய பழைய படத்தைக் கேட்டு வாங்கினேன். என் சிவப்பு வரிகளை அடித்துவிட்டு, அதன்கீழ்ப் பென்சிலால், “படம் முழுமையாக இருக்கிறது. தவறு என்னுடையது” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மதிப்பெண்ணையும் மாற்றினேன். அவள் அதைப் படித்துவிட்டு, “அப்பாவுக்கு உடம்பு வரையணுமா, வேணாமா டீச்சர்?” என்று கேட்டாள். “உன் விருப்பம்” என்றேன். இதுவரை அவள் வரையவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குத் திருத்தும் முறைகளை விரிவாகவே கற்பித்தார்கள். திருத்துவதற்கு முன் கேட்க வேண்டும் என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளை எனக்குக் கற்பித்தாள். சக ஆசிரியர்களே, பிள்ளையின் படத்தில் ஏதேனும் ‘தவறாக’ இருந்தால், பேனாவைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பெற்றோர்களே, வீட்டில் நடப்பதையெல்லாம் எங்களிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை எதைச் சுமந்துகொண்டு வகுப்புக்கு வருகிறது என்பதை மட்டும் ஒரு வரியிலாவது சொல்லிவையுங்கள். அந்தச் சுமையின்மேல் நாங்களும் அறியாமல் ஒன்றை ஏற்றிவிடக்கூடாது அல்லவா?

மீண்டும் சந்திப்போம்.